ரோடோனைட்

வசந்தாமணி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து இர்விங்குக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கோபிசெட்டிபாளையத்தில் தாவரவியல் படித்து, கல்யாணம் முடிந்து, குழந்தை பிறந்து, அது எழுந்து நிற்கும்வரை காத்திருந்து விமானம் ஏறியவள். கணவன் நஞ்சுண்டன் லாஸ் கொலினாஸில் ஓர் ஆபீசில் இருந்தான். இரண்டாயிரம் ஆண்டு பிறந்தால் பழைய புரோகிராம்கள் எல்லாம் தடுமாறிவிடும் என்று அவற்றைத் திருத்துகிற வேலை. கார் இன்னும் வாங்கவில்லை. தினமும் காலையில் நண்பர் ஒருவர் வந்து அழைத்துக்கொண்டு போவார்.

அது தொண்ணூற்றேழு ஜூலை. வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டிகள் படுக்கையறையை அடைத்துக்கொண்டு கிடந்ததால், பால்கனியிலிருந்த சின்ன ஸ்டோர் அறையில் அவற்றைப் போட்டுவிடலாம் என்று வசந்தாமணி அதன் கதவைத் திறந்தாள். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன சாமான் அதில் கிடந்தது. காய்ந்த பெயிண்ட் டப்பா, எறும்பு மருந்து, பூச்சி அடிக்கிற ஸ்ப்ரே, ஓர் அட்டைப்பெட்டி நிறைய ஆணியும் கம்பியும். எல்லாவற்றையும் கூடத்து ஓரமாக எடுத்து வைத்தாள். சாயங்காலம் நஞ்சுண்டன் வந்ததும் குப்பையில் போடச் சொல்ல வேண்டும். மருந்து டப்பாக்களை மட்டும் மறக்காமல் சமையல் மேடை மேல் ஏற்றினாள். அட்டைப்பெட்டி தரையிலேயே இருந்தது.

பெட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. அழுகை இல்லை. தொண்டைக்குள் ஏதோ புரள்வது போல, ஓங்கரிப்பது போல.

இனியன் அட்டைப்பெட்டி அருகே உட்கார்ந்திருந்தான். நடக்க ஆரம்பித்து அதிக நாள் ஆகாத குழந்தை. முகம் சிவந்து, வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்துகொண்டிருந்தது. கையில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா, தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மூடி திறந்திருந்தது. உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு துணுக்கு.

"சாமி! என்னத்தடா தின்ன? துப்புடா கண்ணு, துப்பு!"

வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். எச்சில்தான் வந்தது. அதில் இளஞ்சிவப்பாக ரத்தம் கலந்திருந்தது.

டப்பாவைப் பிடுங்கியபோது அந்தத் துணுக்கு விரலில் உறுத்தியது. உள்ளே சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ரோடோனைட். அதன் கீழே பிராங்க்ளின், நியூஜெர்சி.

எறும்பு மருந்துக்கும் பூச்சி மருந்துக்கும் நடுவில் கிடந்த டப்பா. மருந்து செய்கிற கம்பெனியின் ஊர்ப் பெயர் போல ஓர் ஊர்ப் பெயர். அவள் வேறு என்ன நினைத்திருக்க முடியும்? விஷம் என்றுதான் நினைத்தாள்.

டெலிபோனை எடுத்து ஒன்பது, ஒன்று, ஒன்று அழுத்தினாள். ஆபத்துக்கு என்று, தன் ஆபீஸ் எண்ணோடு சேர்த்து, நஞ்சுண்டன் சுவரில் எழுதி ஒட்டியிருந்த எண்.

"மை பேபி ஈட்டிங் பாய்சன்! ப்ளீஸ் கம்!"

எந்த விஷம் என்று ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது.

"ரோடோனைட். ரோடோனைட்."

"ரோடென்ட்? ரேட் பாய்சன்?"

வசந்தாமணியின் காதில் அது 'ரைட்?' என்று விழுந்தது. "யெஸ் யெஸ், ரைட். ப்ளீஸ் கம்!" என்று கத்தினாள்.

எதிர்வீட்டு மீனாக்ஷி சத்தம் கேட்டு ஓடிவந்தாள். சென்னைக்காரி, ஆறு வருடமாக அமெரிக்காவில் இருப்பவள். "என்ன ஆச்சு வசந்தா? ஐயோ, குழந்தைக்கு என்ன?"

"மருந்தத் தின்னுட்டானுங்க அக்கா. அவருக்குப் போன் பண்ணுங்க. நெம்பர் சுவத்துல இருக்குது."

"டென்ஷன் ஆகாத. நான் எங்க வீட்லேருந்து கால் பண்றேன். நீ குழந்தையப் பாரு."

எண் எழுதிய சீட்டைக் கிழித்துக்கொண்டு மீனாக்ஷி ஓடினாள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. வசந்தாமணி செருப்பில்லாமல், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பின்னால் கதவு தானாகச் சாத்தித் தாழிட்டுக்கொண்டது. சாவியும் டப்பாவும் உள்ளேயே கிடந்தன.

*

ஆஸ்பத்திரியில் இனியனின் சட்டையைக் கத்தரியால் வெட்டினார்கள். காலில் ஊசி ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள். அவன் அழ முயன்றான். குரல் உடைந்து, கீச்சென்று வந்து, எச்சிலில் மூழ்கிப்போனது. எச்சிலை அவன் விழுங்கவே இல்லை என்பதை வசந்தாமணி கவனித்தாள். வாயோரம் ஒழுகிக்கொண்டே இருந்தது.

தாடி வைத்த இளம் டாக்டர் ஒருவர் அவளிடம் வேகமாகக் கேள்வி கேட்டார். அவள் கல்லூரியில் ஆங்கிலத்தில்தான் பரீட்சை எழுதினாள். ஆனால் இந்த டெக்சாஸ் ஆங்கிலம் வாயை மூடிக்கொண்டே பேசுவது போல இருந்தது. எத்தனை நாளாக அது குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது என்று கேட்டார். எத்தனை நாளாக இந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று அவள் புரிந்துகொண்டாள்.

"டூ மந்த்ஸ்."

டாக்டரும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் இனியனின் வாயைத் துடைத்த பஞ்சை டாக்டரிடம் காட்டினாள். அதில் ரத்தம் இருந்தது. அவர் முகம் மாறியது. அந்த முகமாற்றத்துக்கு என்ன அர்த்தம் என்று வசந்தாமணிக்குத் தெரியவில்லை.

யாரோ ஒரு டெலிபோனைக் கொண்டுவந்து அவள் காதில் வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளராம். எதிர்முனையில் ஓர் ஆண்குரல் இந்தியில் பேசியது.

"நோ ஹிந்தி," என்றாள் அவள். "தமிழ். தமிழ்."

ரிசீவர் திரும்பிப் போய்விட்டது. அதன்பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

ஒரு பெரிய கோப்பையில் கரி கரைத்த கறுப்புத் திரவம் வந்தது. கூடவே நீளமான குழாய். விஷத்தைக் கரி பிடித்துக்கொள்ளும் என்று நர்ஸ் மெதுவாக விளக்கினாள். குழந்தைதான் விழுங்கமாட்டேன் என்கிறானே, அதனால் மூக்கு வழியாக. வசந்தாமணி தலையாட்டினாள். எதையாவது செய்யுங்கள், சீக்கிரம் செய்யுங்கள் என்றுதான் அவள் மனம் கத்திக்கொண்டிருந்தது.

இருவர் குழந்தையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, குழாய் மூக்குக்குள் போனது. கொஞ்சம் உள்ளே போனதும் நின்றது. நர்ஸ் சற்று அழுத்தினாள். இனியன் வில்லாக வளைந்தான். உதடு நீலம் பாரித்தது. வாயிலிருந்து இந்த முறை வெறும் ரத்தமே வந்தது.

"விடுங்க! விடுங்க!" என்று அவள் அலறினாள். நர்ஸ் குழாயை உருவினாள். கருவி ஒன்று கீ கீ என்று அடித்து, பிறகு அடங்கியது. குழந்தைக்கு மூச்சு திரும்பியது.

டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை முயற்சி செய்வோம், மெலிதான குழாய் கொண்டு வாருங்கள் என்றார். பிறகு யாருக்கோ டெலிபோனில் விவரம் சொன்னார். அந்தப் பேச்சில் ஒரு சொல் மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. ரோடென்டிசைட்.

சைட்.

இன்செக்டிசைட், பெஸ்டிசைட், ஃபங்கிசைட். கொல்லுகிற மருந்துகளுக்கெல்லாம் அந்த வால்தான். ரோடென்ட் என்றால் எலி. எலி மருந்து. இவர்கள் எலி மருந்துக்கா வைத்தியம் செய்கிறார்கள்?

நான் அப்படிச் சொல்லவில்லையே. நான் என்ன சொன்னேன்? ரோடோனைட். சீட்டில் ஆருக்குப் பக்கத்தில் எச் இருந்தது. ஆர், எச், ஓ, டி, ஓ.

அந்த எச்சை அவளுக்குத் தெரியும். பரீட்சைக்கு முன்னால் மொட்டைமாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தது. குளோரோஃபைசி பச்சைப் பாசி. ஃபையோஃபைசி பழுப்புப் பாசி. ரோடோஃபைசி சிவப்புப் பாசி. எச் விட்டுப்போனால் மதிப்பெண் போய்விடும் என்று எத்தனை தடவை எழுதிப் பார்த்திருப்பாள். ரோடோடென்ட்ரான் என்ற நீலகிரி மரத்தின் பெயரும் அந்தச் சொல்லிலிருந்துதான். கிரேக்க மொழியில் ரோடான் என்றால் ரோஜா, டென்ட்ரான் என்றால் மரம்.

ரோடோ என்றால் ரோஜா. அப்படியானால் நைட்?

கிரானைட். கிராஃபைட். டோலமைட். சேலத்துக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலில் வெள்ளையாகத் தெரிகிற மேக்னசைட் குன்று. எல்லாம் கல்.

பஞ்சின் மேல் கிடந்த துணுக்கு அவள் விரலில் உறுத்தியது நினைவு வந்தது. மாத்திரை போல நொறுங்கவில்லை. மாவு போலக் கரையவில்லை. ரோஜா நிறக் கல். அவன் தின்றது விஷம் இல்லை, கல். அது தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் எச்சில் இறங்கவில்லை. குழாய் இடித்தது அந்தக் கல்லில்தான்.

மெலிதான குழாய் வந்துவிட்டது.

"நோ!" வசந்தாமணி பாய்ந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நோ ரேட்! நோ பாய்சன்! ஸ்டோன்!"

டாக்டர் திரும்பினார். நீங்கள்தானே விஷம் என்று சொன்னீர்கள், அம்மா என்று கேட்டார்.

"ஐ டெல் ராங். நாட் பாய்சன். ஸ்டோன், ஸ்டோன்!"

எலி மருந்தா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னீர்களே, பதிவு ஆகியிருக்கிறதே, இந்த ரத்தமும் எலி மருந்தால் வருவதுதானே என்றார் அவர். அவர் குரலில் கோபம் இல்லை. பயந்துபோன தாய் உளறுகிறாள் என்ற பொறுமைதான் இருந்தது. அந்தப் பொறுமைதான் அவளை வெறிகொள்ள வைத்தது. அவள் கையை விடவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் அவள் தோளைப் பிடித்து, வாருங்கள், அவர்களை வேலை செய்ய விடுங்கள் என்று திரைக்கு வெளியே இழுத்தாள். ஆஸ்பத்திரியின் சமூக சேவகி. விஷத்தை எப்படிக் குழந்தை கைக்கு எட்டும்படி வைத்தாள் என்று விசாரிக்க வந்தவள்.

திரை மூடிக்கொண்டது. உள்ளே இனியனைத் திரும்பவும் அழுத்திப் பிடிக்கிறார்கள் என்பது அந்த உடைந்த கீச்சுக்குரலில் தெரிந்தது.

"கடவுளே, கல்லுன்னா ஒருத்தருக்கும் புரியலியே," என்று வசந்தாமணி தமிழில் கதறினாள். சமூக சேவகியின் கோட்டுப் பையில் ஒரு பேனா செருகியிருந்தது. பறித்தாள். எழுதத் தாள் தேட நேரமில்லை. அந்தப் பெயரை இடது உள்ளங்கையில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். வியர்வையில் மை வழுக்கியது. அழுத்தி அழுத்தி எழுதினாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்து, அந்தக் கையை டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"திஸ் நேம்! ஆர் எச் ஓ! ரோடோ மீன்ஸ் ரோஸ். ரோடோடென்ட்ரான்! யூ நோ ரோடோடென்ட்ரான்? நாட் ரோடென்ட். ரோஸ் கலர். பிங்க் ஸ்டோன்." கட்டிலின் இரும்புக் கம்பியில் கைமுட்டியால் ஓங்கித் தட்டினாள். "ஹார்டு! லைக் திஸ் ஹார்டு!" பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "ஹியர். ஸ்டோன் ஹியர். ஐ ஸ்டடி பாட்டனி. ப்ளீஸ், சார். ப்ளீஸ்."

டாக்டர் அந்த உள்ளங்கையைப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் படித்தார். பிறகு குழந்தையின் வாயோரம் ஒழுகிக்கொண்டிருந்த எச்சிலைப் பார்த்தார்.

"ஸ்டாப்," என்றார் நர்ஸிடம். "எக்ஸ்ரே எடுங்கள். இப்போதே."

*

படத்தில் அது வெள்ளையாக, முனை முனையாகத் தெரிந்தது. கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே, உணவுக்குழாயில் குறுக்காகச் செருகிக்கொண்டு நின்றது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். குழாயை அழுத்திய நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு முறை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வசந்தாமணிக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் கருவி விட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்து வாங்கினார்கள். மை வழிந்த கையால் தாளைப் பிடித்துக்கொண்டு போட்டாள். குழந்தையைத் தள்ளிக்கொண்டு போன கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது.

அப்போதுதான் நஞ்சுண்டன் வந்தான். ஃப்ரீவேயில் விபத்து, வண்டிகள் நகரவில்லை. கழுத்தில் டை ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது.

"எங்க அவன்? என்னத்தத் தின்னான்?"

"கல்லுங்க. தொண்டையில நிக்குது. எடுக்கறக்கு உள்ள கொண்டு போயிருக்கறாங்க."

"கல்லா? மருந்தத் தின்னுட்டான்னு மீனாக்ஷி சொன்னாங்க?"

"இல்லீங்க. கல்லு."

"ஊட்ல ஒரே ஒரு குழந்தை. அத ஒண்ணப் பாக்கறதுக்கு முடியலியா உனக்கு? உன்னைய நம்பித்தான உட்டுட்டுப் போறேன்?"

அவன் கேட்டதையேதான் அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்து டப்பாவை மேலே ஏற்றியவள் அட்டைப்பெட்டியை ஏன் கீழே விட்டாள்? இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். தரை குளிர்ந்தது. அவள் பாதத்தில் பார்க்கிங் லாட் தார் ஒட்டியிருந்தது.

பச்சை உடை அணிந்த சர்ஜன் வெளியே வந்தபோது நஞ்சுண்டன்தான் எழுந்து போய்ப் பேசினான். திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"எடுத்துட்டாங்க," என்றான். பிறகு, "ஆனா கிழிஞ்சிருக்குதாம். தொண்டைக் குழாய்ல. கல்லு கிழிச்சுதோ, அவங்க உட்ட டியூப் கிழிச்சுதோ, தெரியலைங்கறாங்க. அது வழியா நெஞ்சுக்குள்ள சீப்புடிச்சா..." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அடுத்து வந்த நாட்கள் வசந்தாமணிக்கு ஒரே நாளாகத்தான் தெரிந்தன. இனியனுக்கு வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. எல்லாம் ஊசி வழி. இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறியது. மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது. குழந்தை அவள் மார்பைப் பார்த்து வாயைச் சப்பினான். கொடுக்கக் கூடாது. அவன் பார்க்காமல் இருக்க அவள் போர்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டாள். பால் கட்டி மார்பு கல்லாகிப்போனது. பாத்ரூமில் போய்ப் பீய்ச்சிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சமூக சேவகி இரண்டு முறை வந்தாள். நஞ்சுண்டனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். வீட்டையும் பார்க்க வேண்டும் என்றாள். மீனாக்ஷி கூடவே போய் அபார்ட்மெண்ட் ஆபீசில் கதவைத் திறக்கச் சொல்லி எல்லாவற்றையும் காட்டினாள். திரும்பி வந்து, "க்ளோஸ் பண்ணிட்டா வசந்தா, ஆக்சிடெண்ட்னு எழுதிட்டா," என்று சொன்னபோதுதான், குழந்தையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று இத்தனை நாளும் வெளியே சொல்லாமல் தான் நடுங்கிக்கொண்டிருந்தது வசந்தாமணிக்கே தெரிந்தது.

தாடி வைத்த டாக்டரும் ஒரு நாள் வந்தார். அது அவர் பார்க்க வேண்டிய வார்டு இல்லை. கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார். நீங்கள் சொன்னதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்றார். அவள் தலையாட்டினாள். மன்னிக்கிற தெம்போ கோபப்படுகிற தெம்போ அவளிடம் அப்போது இல்லை.

அன்று மத்தியானம் நஞ்சுண்டன் நூலகத்துக்குப் போய்விட்டு வந்தான். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"பெரிய டிக்‌ஷனரியில பாத்தேன்," என்றான். "அலங்காரக் கல்லாமா. பாசி மணி, டாலர், சின்னப் பொட்டி எல்லாம் செய்வாங்களாம். பிராங்க்ளின்ங்கறது சுரங்கம் இருக்கற ஊரு. நீ நினைச்சாப்பல கம்பெனி இல்ல. பேரே ரோஜாப்பூவுல இருந்து வந்ததுன்னு போட்டிருக்குது."

"தெரியும்ங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"செகண்ட் இயர்ல படிச்சது. செவப்புப் பாசி."

அவன் அவளைப் பார்த்தான். அவள் இடது கையை எடுத்து விரித்தான். எத்தனை கழுவியும் ரேகைகளுக்குள் நீலம் மிச்சமிருந்தது. அவன் அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கப்படாது," என்றான். "இல்லீங்க, அட்டைப்பெட்டியக் கீழ வெச்சது நாந்தான," என்றாள் அவள்.

மறுவாரம் ஒரு பரிசோதனை நடந்தது. குழந்தைக்கு ஏதோ மருந்தைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டுப் படம் எடுத்தார்கள். கிழிசல் வழியாகக் கசிந்தால் மறுபடி கத்தி வைக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். இருட்டு அறையில், கனமான கவசத்தை மாட்டிக்கொண்டு, வசந்தாமணி இனியனின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. கழுத்தைத் தாண்டி, கல் நின்ற இடத்தருகே சற்றுத் தயங்கியது. கோடு அந்த இடத்தைத் தாண்டி நேராக வயிற்றுக்குள் இறங்கியது.

"கசிவு இல்லை," என்றார் டாக்டர்.

தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். நர்ஸ் சின்ன ஸ்பூனையும் கிண்ணத்தையும் அவள் கையில் கொடுத்தாள். முதல் ஸ்பூனை வாயருகே கொண்டு போனாள். பாதி, குழந்தையின் தாடையில் சிந்தியது. இனியன் நாக்கால் துழாவி மீதியை இழுத்துக்கொண்டான். தொண்டை ஒரு முறை அசைந்தது. முகத்தைச் சுளித்தான். வலித்திருக்க வேண்டும்.

"போதுமாடா சாமி?"

அவன் கட்டிலிலிருந்து எழ முயன்று, கிண்ணத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, கரகரத்த குரலில் அழ ஆரம்பித்தான்.